குடும்ப ஜெபத்தில் தூங்கிய பிள்ளை: வீட்டுக் கல்வியைத் தேர்ந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தின் காரணங்கள்

சிங்கப்பூரின் வடகிழக்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம், 2019ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து தன் பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைத்து வருகிறது. வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை காலையில், அந்த வீட்டுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப்பள்ளிகளில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அவர்கள் செல்லும் சபையைச் சேர்ந்தவளும்கூட. ஆகவே வெளியில் நின்று பார்த்தவள் எழுதும் ஆய்வு அன்று இது. அவர்களுடைய முடிவை முதலில் நான் ஏற்கவில்லை என்பதையும், அதில் ஒரு பகுதியை இன்றும் ஏற்கவில்லை என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரின் இசைவுடன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்து எழுதியிருக்கிறேன்.

தந்தை கப்பல் பட்டறையில் பொறியாளர். தாய் பட்டதாரி, 2018இன் இறுதிவரை கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். மகள் 2010இலும் மூத்த மகன் 2013இலும் இளைய மகன் 2017இலும் பிறந்தார்கள். ஓய்வுபெற்ற தாதியான தந்தைவழிப் பாட்டி பக்கத்து புளோக்கில் இருக்கிறார். குடும்பத்தின் பூர்விகம் திருநெல்வேலிச் சீமை.

மகள் 2017இல் வீட்டருகே உள்ள தொடக்கப்பள்ளியில் சேர்ந்தாள். விடியுமுன் எழுந்து ஏழரைக்குள் பள்ளியில் இருப்பாள். பிற்பகலில் பள்ளி விட்டதும் மாணவர் பராமரிப்பு நிலையம். வாரத்தில் மூன்று நாள் அதன் பின்னும் துணைப்பாட வகுப்பு. நம்மில் பலர் வீட்டுப் பிள்ளைகளின் நாள் இப்படித்தான் போகிறது. அந்த வீட்டில் இரவு எட்டரைக்குக் குடும்ப ஜெபம். கீர்த்தனை ஒன்று பாடி, வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்து, இளையவரிலிருந்து மூத்தவர்வரை ஒவ்வொருவராக ஜெபிப்பது அவர்கள் வழக்கம். 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஓர் இரவு, மகளின் முறை வந்தபோது சத்தம் எழவில்லை. அவள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிவிட்டிருந்தாள். மறுநாள் சொல்வதெழுதுதலுக்கான சொற்பட்டியல் கையிலேயே இருந்தது. தந்தை அவளைத் தூக்கிச் சென்று படுக்கவைத்தார்.

"அன்னைக்கு எனக்குக் கோபம் வரல, டீச்சர். வெட்கமாத்தான் இருந்துச்சு. நாள் முழுக்க அவ முழிச்சிருக்கிற நேரத்தையெல்லாம் மத்தவங்களுக்குக் கொடுத்துட்டோம். கர்த்தருக்குன்னு மிச்சம் இருந்தது அவ தூங்குற நேரம்" என்று தாய் என்னிடம் பின்னர் சொன்னார்.

காரணங்கள் எவை என்று கேட்டபோதெல்லாம் இருவரும் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்த இடம் இந்த இரவுதான். பள்ளியின்மேல் அவர்களுக்குக் குறை ஏதும் இருக்கவில்லை. மகளின் வகுப்பாசிரியை அன்பானவர் என்றே இன்றும் சொல்கிறார்கள்.

சபையிலும் உறவினர் நடுவிலும் உலவிய ஊகங்கள் வேறு. பரிணாமக் கொள்கையைப் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு என்று சிலர் உறுதியாகச் சொன்னார்கள். வெளிநாட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை அப்படியே இங்கே பொருத்திப் பார்த்ததால் வந்த எண்ணம் அது. சிங்கப்பூரின் தொடக்கநிலை அறிவியல் பாடத்திட்டம் பன்முகத்தன்மை, சுழற்சி, அமைப்பு, ஆற்றல், இடைவினை ஆகிய ஐந்து கருப்பொருள்களைச் சுற்றி அமைந்தது. பரிணாமம் அதில் பாடமாக இல்லை. இந்தக் குடும்பமும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அதே அறிவியல் பாடநூல்களைத்தான் வாங்கிப் படிக்கிறது. பாலியல் கல்வியே காரணம் என்றார்கள் வேறு சிலர். அது தொடக்கநிலை 5இல்தான் தொடங்குகிறது. பிள்ளைக்கு வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுக்கவும் பள்ளியிலேயே வழியிருக்கிறது. இவற்றுக்காக மட்டும் ஒரு தாய் வேலையை விட்டுவிட்டு ஆறாண்டுப் பாடங்களையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளியில் சமயப் பாடம் இல்லை என்பதும் அவர்கள் மனக்குறை அன்று. தந்தையின் மூத்த அண்ணன் 1980களில் உயர்நிலைப் பள்ளியில் கிறிஸ்தவ வேதாகமத்தைப் பாடமாகவே படித்தவர். 1984இல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாக வந்தது. சமயங்களுக்கிடையே போட்டி மனப்பான்மை வளரக்கூடும் என்ற கவலையால் சில ஆண்டுகளிலேயே விலக்கிக்கொள்ளப்பட்டது. பல சமயத்தார் நெருங்கி வாழும் ஊரில் அந்த முடிவு சரியானதே என்று தந்தை கருதுகிறார். அப்படியானால் அந்தப் பொறுப்பு எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. "அரசாங்கம் அதை நம்ம கையிலதான் திருப்பிக் கொடுத்திருக்கு. வாங்கிக்கிட்ட நாம ஞாயிற்றுக்கிழமை பள்ளியில ஒரு மணி நேரத்துக்கு இறக்கி வச்சுட்டோம்" என்றார்.

வேதத்தில் அவர்கள் காட்டும் இடம் உபாகமம் ஆறாம் அதிகாரம். தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதித்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்போதும் அவற்றைக் குறித்துப் பேசும்படி அங்கே பெற்றோருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இதைச் சபையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். பக்திக்குரிய அறிவுரையாகவே எடுத்துக்கொண்டேன். இந்தத் தாயும் தகப்பனும் அதை நேரக் கணக்காக வாசித்தார்கள். உட்காருவது, நடப்பது, படுப்பது, எழுவது என்ற நான்கில் தங்கள் மகளோடு தங்களுக்குக் கிடைப்பவை எவை என்று எண்ணிப் பார்த்து, படுப்பது ஒன்றுதான் என்று கண்டார்கள். வசனத்தைப் பள்ளிக்கு எதிரான கட்டளையாக அவர்கள் விளக்கவில்லை. பள்ளிக்கு அனுப்பும் விசுவாசிகளைக் குறைவாக ஒரு சொல் பேசியும் நான் கேட்டதில்லை. அவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டாகத் தொடங்கியது அதனால்தான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைத் தயக்கத்தோடுதான் சொன்னார்கள். கைப்பேசியில் பார்ப்பவை, பிள்ளைகள் நடுவே புழங்கும் கெட்ட சொற்கள், மதிப்பெண்ணைக் கொண்டு ஒருவரையொருவர் அளக்கும் பழக்கம் ஆகியவற்றிலிருந்து பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற அச்சம் அது. நான் ஏற்க மறுத்த பகுதி இதுவே. முப்பதாண்டுகளில் என் வகுப்பறைகளில் சீன, மலாய், தமிழ்ப் பிள்ளைகள் ஓய்வு நேரத்தில் ஒரே மேசையில் உணவைப் பகிர்ந்து உண்டதைப் பார்த்தவள் நான். அந்த மேசையைத் தீங்கு என்று நினைக்க எனக்கு மனம் வராது. விசுவாசிகள் பூமிக்கு உப்பு என்று இயேசு சொன்னதை வைத்து, எங்கள் போதகரும் வேறொரு விதத்தில் இதையே கேட்டார்: உப்பு சாடியிலேயே இருந்தால் கறிக்கு எப்படிச் சாரம் வரும்? தந்தை பணிவாக மறுமொழி சொன்னார்: ஏழு வயதுப் பிள்ளையைச் சாட்சியாக அனுப்பிவிட்டு, வளர்ந்தவர்களான நாம் அலுவலகத்தில் வாய் திறக்காமல் இருந்தால், நம் வேலையை அல்லவா பிள்ளையின் தோளில் வைக்கிறோம், ஐயா? போதகர் அதன்பின் வாதாடவில்லை. ஆனாலும் என் ஐயம் தீரவில்லை.

பாட்டியின் எதிர்ப்பு இவை எல்லாவற்றையும்விடக் கடுமையாக இருந்தது, அதற்குத் தக்க வரலாறும் இருந்தது. "படிப்புக்காகத்தானே நம்ம பெரியவங்க வேதத்துக்கே வந்தாங்க? இப்ப நீங்க பள்ளிக்கூடமே வேண்டாங்கிறீங்க" என்று மருமகளிடம் கேட்டார். அது வெறும் கோபப் பேச்சன்று. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலந்தொட்டு, நெல்லைச் சீமையில் சபை தோன்றிய ஊரிலெல்லாம் பள்ளிக்கூடமும் தோன்றியது. பல ஊர்களில் ஞாயிறன்று கோயிலாக இருந்த கட்டடம் மற்ற நாள்களில் பள்ளியாக நடந்தது. சிங்கப்பூரிலும் அப்படியே. 1887இல் ஷார்ட் ஸ்ட்ரீட்டில் மிஷனெரி சோஃபியா பிளாக்மோர் அம்மையார் ஒன்பது சிறுமிகளைக் கொண்டு தொடங்கிய தமிழ்ப் பெண்கள் பள்ளியே இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி. பெண்பிள்ளை வீட்டைவிட்டு வெளியே வந்து படிப்பதற்காக ஒரு தலைமுறை பட்ட பாட்டை அறிந்தவருக்கு, பேத்தியை மறுபடியும் வீட்டுக்குள் வைப்பது பின்னோக்கி நடப்பதாகத் தோன்றியதில் வியப்பில்லை. மருமகள் அவருக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "அத்தை, நீங்களே வந்து உட்கார்ந்து பாருங்க" என்று மட்டும் அழைத்தார். முதல் ஆண்டு பாட்டி வரவில்லை.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரும்பிய பெற்றோர் எவரும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதில்லை. 2000இல் நிறைவேறி 2003 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம், இங்கே வாழும் குடிமக்களின் பிள்ளைகள் ஆறு வயதுக்கு மேல் பதினைந்து வயதுவரை தேசியத் தொடக்கப்பள்ளியில் படிக்க வேண்டும் என்கிறது. மீறினால் 5,000 வெள்ளிவரை அபராதம், 12 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வீட்டுக் கல்விக்குக் கல்வி அமைச்சிடம் விலக்குப் பெற வேண்டும்; பாடத்திட்டம், கால அட்டவணை, கற்பிப்பவரின் கல்வித் தகுதி ஆகியவற்றோடு நன்னெறிக் கல்வியும் தேசியக் கல்வியும் எப்படிக் கற்பிக்கப்படும் என்பதையும் எழுதிக் காட்ட வேண்டும். சமயக் காரணம் என்று சொன்னதால் சலுகை கிடைப்பதில்லை. பிள்ளை பிஎஸ்எல்இ எனப்படும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வை எழுதியே ஆக வேண்டும். அந்த ஆண்டு நான்கு பாடங்களையும் எழுதிய மாணவர்கள் அனைவரையும் மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய இடத்தை, அதாவது 33ஆவது சதமானத்தை, அப்பிள்ளை எட்ட வேண்டும். மகளுக்கான விண்ணப்பத்தைத் தாய் 2018இல் எழுதினார். அனுமதி வரும்வரை அவள் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

நான்கு பாடங்களில் ஒன்று தாய்மொழி. வீட்டுக் கல்வி பெறும் இந்தியப் பிள்ளைகள் பலருடைய பெற்றோருக்குக் கைநழுவும் பாடம் இதுதான். இந்தத் தாயும் கணிதத்துக்கும் அறிவியலுக்கும் அஞ்சவில்லை, தமிழுக்கு அஞ்சினார். 2019 பிப்ரவரியில் என்னைத் தேடி வந்தார். மனவருத்தத்தோடுதான் ஒப்புக்கொண்டேன், பெற்றோர் முடிவுக்காகப் பிள்ளையின் தமிழ் கெட வேண்டாம் என்பதே அன்றைய என் எண்ணம்.

காலை எட்டு மணிக்கு அவர்கள் பாடங்கள் தொடங்கும். இரவு எட்டரைக்கு இருந்த குடும்ப ஜெபம் காலைக்கு இடம் மாறியிருந்தது. தந்தை வேலைக்குக் கிளம்புமுன் ஏழரைக்கே அது முடிந்துவிடும். பாடங்கள் ஒவ்வொன்றும் இருபது, முப்பது நிமிடங்கள்தான். 1842 முதல் 1923 வரை வாழ்ந்த சார்லட் மேசன் என்ற பிரிட்டிஷ் கல்வியாளரின் முறையைத் தாய் பின்பற்றுகிறார். ஒரு பகுதியை ஒரே முறை கவனமாக வாசித்து, புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைப் பிள்ளை தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். கேள்வித்தாளோ கோடிட்ட இடமோ கிடையாது. நம் பாட்டிமார் கதை கேட்டபின் "எங்கே, இப்ப நீ சொல்லு" என்று சொல்லவைத்ததற்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. புதன்கிழமைகளில் சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கோ பூமலை எனப்படும் தாவரவியல் பூங்காவுக்கோ நூலகத்துக்கோ போவார்கள். வழியில் நடக்கிறபோது என்ற சொற்களுக்கு அவர்கள் கொண்ட பொருள் அதுதான்.

என் பாடத்தில் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தக் குடும்பத்தின் காரணம் பிள்ளைகளின் மொழியில் எப்படி இறங்கியது என்பதை அங்கேதான் கண்டேன். மகள் தினமும் தமிழ் வேதாகமத்தை உரக்க வாசித்து வந்தாள். அவர்கள் வீட்டிலிருப்பது மிஷனெரி பவர் ஐயர் குழுவினர் மொழிபெயர்த்து 1871இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு. அதன் பயனாக அவளுடைய வாசிப்பு, நான் பள்ளியில் கேட்ட எந்த ஒன்பது வயதுப் பிள்ளையின் வாசிப்பையும்விடத் தெளிவாக இருந்தது. லகர ளகர ழகரங்கள் தத்தம் இடத்தில் நின்றன, நீண்ட வாக்கியத்தில் எங்கே மூச்சு விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதே காரணத்தால் அவள் எழுதிய கட்டுரைகளைத் திருத்துவது பெரும்பாடாயிற்று. கடற்கரையில் குப்பை பொறுக்கியதைப் பற்றிய கட்டுரையில், "நாங்கள் அவைகளைப் பொறுக்கினோம், சுத்தத்தினிமித்தம் அப்படிச் செய்தோம்" என்று எழுதியிருந்தாள். "அவற்றை" என்றும், "சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக" என்றும் திருத்தினேன். பழைய மொழிபெயர்ப்பில் "அவைகளை" என்றுதானே இருக்கிறது என்று கேட்டாள். ஒரு காலத்தின் நடையும் இன்றைய நடையும் வேறு என்பதை விளக்க எனக்கு மூன்று செவ்வாய்க்கிழமைகள் ஆயின. மூன்று வாரம் ஒரு பிள்ளையோடு ஒரு சொல்லைப் பற்றிப் பேச என் பணிக்காலத்தில் எனக்கு ஒருமுறைகூட வாய்த்ததில்லை. அன்றுதான் என் வருத்தம் கரையத் தொடங்கியது.

பேச்சுத் தமிழ் குறையாக இருந்தது. பிஎஸ்எல்இ தமிழில் 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்கு உரியவை. ஒளிக்காட்சியைப் பார்த்துவிட்டு இயல்பாக உரையாட வேண்டும். வீட்டில் ஆங்கிலமும் வேதத் தமிழும் இருந்தனவே தவிர அன்றாடத் தமிழ் அரிதாகத்தான் இருந்தது. அந்த இடத்தை நிரப்பியவர் பாட்டி. 2020 ஏப்ரலில் கிருமித்தொற்று முறியடிப்புக் காலத்தில் தீவு முழுவதும் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்தபோது, தனியாக இருக்க வேண்டாம் என்று அவரை மகன் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். பாடம் நடப்பதை முதன்முதலாக அப்போதுதான் பார்த்தார். பேத்தியும் பேரனும் மருத்துவமனைக் கதைகளைக் கேட்கக் கேட்க, அவர் நெல்லைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார். மகளுடைய பேச்சில் இன்றும் அந்த வாடை உண்டு. பாட்டி தன் கருத்தை மாற்றிக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். பள்ளியே மேல் என்று இப்போதும் சொல்கிறார், செவ்வாயும் வியாழனும் தவறாமல் வருகிறார்.

இந்தத் தெரிவுக்குக் குடும்பம் கொடுத்த விலை சிறிதன்று. தொடக்கப்பள்ளியில் குடிமக்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணமே கிடையாது; மாதம் 13 வெள்ளிக்கு உட்பட்ட இதரக் கட்டணம் மட்டும் உண்டு. இவர்களோ ஒரு முழுச் சம்பளத்தை விட்டார்கள். பிள்ளைகளின் கல்விச் செலவுக்கு அரசாங்கம் தரும் எடுசேவ் நிதி 2014 முதல் வீட்டுக் கல்வி பெறும் குடிமக்கள் பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது என்றாலும், இழந்த வருமானத்துக்கு அது ஈடாகாது. இரண்டாவது ஆண்டில் தாய் மிகவும் களைத்துப்போனார். ஒரு செவ்வாயன்று நான் போனபோது பிள்ளைகள் தாமே படித்துக்கொண்டிருந்தார்கள்; அவர் சமையலறையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தாயும் ஆசிரியையும் ஒருவரே என்னும்போது, கண்டித்தபின் பிள்ளை யாரிடம் போய் ஆறுதல் தேடும் என்று என்னிடம் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அதன்பின் தந்தை வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்படி அமைத்துக்கொண்டு கணிதத்தைத் தன் பொறுப்பில் எடுத்தார். மற்ற வீட்டுக் கல்விக் குடும்பங்களுடன் மாதம் இருமுறை கூடத் தொடங்கியதும் அப்போதுதான். ஆண்டுக்கு ஏறத்தாழ ஐம்பது பிள்ளைகளே இப்படிப் படிக்கத் தொடங்கும் நாட்டில், அத்தகைய குடும்பங்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

மகள் 2022இல் பிஎஸ்எல்இ எழுதி, வேண்டிய அளவைத் தாராளமாகத் தாண்டினாள். அதன்பின் உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று அவளே கேட்டாள். பெற்றோர் அன்று நடந்துகொண்ட விதத்தை வைத்தே அவர்கள் காரணங்களை எடைபோடுகிறேன். அச்சம்தான் உண்மையான காரணமாக இருந்திருந்தால் பன்னிரண்டு வயதில், ஆபத்து கூடும் வயதில், மறுத்திருப்பார்கள். இரண்டு வாரம் ஜெபித்து, பேசி, அனுப்பினார்கள். முதல் தவணையில் அவள் திணறினாள். நாற்பது பேர் வகுப்பில் கையை உயர்த்திக் காத்திருப்பது அவளுக்குப் பழக்கமில்லை. மதிய உணவு நேரத்தில் யாரோடு உட்காருவது என்று தெரியாமல் நூலகத்துக்குப் போய்விடுவாளாம். நான் முன்பே சொன்னது இதைத்தான் என்று எனக்கு நாவில் வந்தது, சொல்லவில்லை. ஆண்டின் இறுதியில் அவளுக்கு மூன்று தோழியர் கிடைத்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி மலாய்ப் பெண். நோன்புப் பெருநாளுக்கு அவள் வீட்டுக்கு இந்தக் குடும்பமே போய்வந்தது.

மூத்த மகன் நிலை வேறு. எட்டு வயதுவரை அவனுக்கு வாசிப்பு வரவில்லை. பள்ளியில் இருந்திருந்தால் உதவி வகுப்புகள் விரைவில் கிடைத்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். தன்னை மந்தமானவன் என்று அவன் நினைக்காமல் வளர்ந்ததே பெரிது என்று தாய் நினைக்கிறார். இரண்டிலும் உண்மை இருக்கக்கூடும். அவன் 2025இல் தேர்வு எழுதும் வயதை எட்டினான். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவனுடைய தமிழ் எழுத்தில் ஒற்றுப்பிழை வரிக்கு இரண்டு இருந்தது. ஆனால் வாசித்ததைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், யோசேப்பைச் சகோதரர் குழியில் போட்ட கதையை, குழியின் ஆழத்தையும் உள்ளிருந்து பார்த்தால் தெரியும் வானத்தின் அளவையும் சேர்த்துச் சொல்வான். அவை வேதத்தில் இல்லை, அவனே கண்டவை.

இளைய மகனுக்கான விண்ணப்பத்தை 2023இல் தாய் எழுதியபோது, பழைய விண்ணப்பத்தின் நகலையும் எடுத்து மேசையில் வைத்திருந்தார். இரண்டையும் எனக்கு வாசிக்கக் கொடுத்தார். 2018இல் காரணங்கள் நான்கு பக்கம் நீண்டிருந்தன. தீய தோழமை, ஊடகங்கள், தேர்வு அழுத்தம் எல்லாம் வரிசையாக வந்திருந்தன. அதற்குப் பின் பள்ளிகளும் மாறியிருந்தன: தொடக்கநிலை 1, 2இல் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் 2019இலேயே நின்றுவிட்டன, அரையாண்டுத் தேர்வுகள் 2023இல் முற்றாக எடுக்கப்பட்டன. தேர்வு அழுத்தம் என்று இனி எழுதுவது நேர்மையாகாது என்று அவரே சொன்னார். தீய தோழமை என்ற சொற்றொடரையும் விட்டுவிட்டார். மகளின் தோழியரை நினைத்துக்கொண்டு அதை எழுதக் கை வரவில்லை என்றார். புதிய விண்ணப்பத்தில் காரணம் ஒரு பக்கத்துக்கும் குறைவு. பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் தாயும் தகப்பனும் அவனோடு இருந்து, தாங்கள் நம்புவதைப் பற்றி அவன் கேட்கும்போதே பேச விரும்புகிறோம் என்பதே அதன் சாரம்.

அனுமதி கிடைத்தது. இளையவன் 2024 ஜனவரியில் தொடங்கினான். என்னிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "டீச்சர், 'கருத்தாய்' என்றால் கறுப்பாகவா?" என்பது.